பூசாத சைக்கிளும் பூசி விற்கும் பொய்யும்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஊர் வருகின்ற நம்மவர்களில் சிலர் இப்போது தமது சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் அரிதாக ஒன்று பூச்சே இல்லாமல் இருக்கும். மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறம்; மினுக்கம் கிடையாது; பெயர்கூட உலோகத்தின் மேலேயே மெல்லப் பொறித்ததாக இருக்கும். தைற்றேனியம் என்னும் உலோகத்தாற் செய்த சட்டகம் அது. அதன் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ஆனால் வீதியில் நிற்பவர் கேட்பது விலையை அல்ல. "ஏன் தம்பி, இதுக்கு இன்னும் பெயின்ற் அடிக்கேல்லையோ?" என்பதே முதற் கேள்வி. "கறள் பிடிச்சுப் போடுமே" என்பது அதற்கடுத்தது.

கேட்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மூன்று பக்கமும் கடலும் மிச்சப் பக்கத்தில் உவர்நீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில், பூச்சில்லாத இரும்பு ஒரு மாரி தாண்டாது என்பது பரம்பரையாக வந்த அறிவு. என் சண்டை வேறு ஆட்களோடு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, "பாதுகாப்புக்கு ஒரு லக்கர் அடித்துத் தருகிறேன்", "மெழுகு ஏற்றித் தருகிறேன்", "அரத்தாள் போட்டுப் பளபளப்பாக்கித் தருகிறேன்" என்று ஆயிரக் கணக்கிற் பணம் கறக்கிறவர்களோடுதான். அதே கை, அதே பெயின்ற் டப்பா, ஏழைப் பிள்ளை ஓடுகின்ற பழைய இரும்புச் சைக்கிளுக்கு இதைவிடப் பெரிய கெடுதலைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உலோகத்தைப் பற்றிய உண்மை. தைற்றேனியம் காற்றைத் தொட்ட கணத்திலேயே தன்மேல் ஓர் ஒட்சைட்டுத் தோலை வளர்த்துக்கொள்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குப் புலப்படாது. ஆயினும் கடல்நீரின் உப்பு அதனைத் துளைக்க முடியாது. கீறினால் கீறிய இடத்தில் அடுத்த கணமே புதிய தோல் வந்துவிடும். இரும்பின் கறளோ இதற்கு நேர்மாறு: உதிரும், பொருக்குவிடும், உள்ளே மேலும் ஈரம் புக வழிவிடும். இரண்டும் ஒட்சைட்டுத்தான், ஒன்று காவற்காரன், மற்றது கள்ளனுக்குக் கதவு திறப்பவன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தோலின் பெயர் தைற்றேனியம் ஈரொட்சைட்டு. நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கின்ற வெள்ளைப் பெயின்ற்றின் வெண்மையும் அதே பொருள்தான். உலகில் தோண்டப்படும் தைற்றேனியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாவதே இல்லை. பெயின்ற்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் கடதாசிக்கும் வெள்ளை நிறமாகவே போகிறது. ஆகவே "பெயின்ற் அடிக்கேல்லையோ" என்று கேட்பவருக்குத் துணிந்து பதில் சொல்லலாம்: அது தனக்குத் தானே அடித்துக்கொண்டிருக்கிறது, காசு கேட்காமல்.

நம்பாதவர்கள் பல் வைத்தியரைக் கேட்கட்டும். தாடை எலும்பில் திருகி நிறுத்துகின்ற செயற்கைப் பல்லின் வேர் பெரும்பாலும் இந்த உலோகமே. உமிழ்நீரிலும் இரத்தத்திலும் ஆண்டுக் கணக்கில் கிடக்கிறது. கடல்நீரால் குளிரூட்டப்படும் மின்நிலையங்கள் பலவற்றில் ஒடுக்கிக் குழாய்கள் இதனால் ஆனவை. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம், அரை மில்லிமீற்றரும் இல்லாத தைற்றேனியத் தகடுகளைப் போர்த்திக்கொண்டு, கடலுக்கு அண்மையிலுள்ள ஆற்றங்கரையில், பெயின்ற் இன்றி நிற்கிறது. பருத்தித்துறையின் உப்புக்காற்று இதைவிடக் கொடியது என்று வாதாட எவராவது இருந்தால் கேட்க ஆயத்தமாக இருக்கிறேன்.

அப்படியானால் இந்தச் சட்டகத்தின் மேற்பரப்புக்குப் பராமரிப்பே வேண்டாமா என்றால், வேண்டும், மிகக் கொஞ்சம். அது பாதுகாப்புக்காக அல்ல, தோற்றத்துக்காக என்ற தெளிவோடு செய்யவேண்டும்.

மேற்பரப்பு பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஒரே திசையில் நுண்ணிய கோடுகள் விழத் தேய்த்தது. மற்றது, நுண்ணிய கண்ணாடி மணிகளை வீசியடித்து மங்கலாக்கியது. முதல் வகையில் கீறல் விழுந்தால், பாத்திரம் தேய்க்கின்ற பச்சை நைலோன் பஞ்சு போன்ற உரசு பஞ்சை எடுத்து, முன்பே உள்ள கோடுகளின் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தால் கீறல் கலந்து மறைந்துவிடும். வட்டமாகத் தேய்த்தால் கெட்டது. இரண்டாவது வகையை இந்தப் பஞ்சு தொடவே கூடாது. தொட்ட இடம் மினுங்கித் தனியாகத் தெரியும். அதற்கு வீட்டில் செய்யக்கூடியது, கழுவி உலர்த்தி, துணியில் இரண்டு துளி எண்ணெய் விட்டுத் துடைப்பது. விரலடையாளங்கள் மறைந்து நிறம் ஒரே சீராகும். இந்த வேலைக்கு நல்லெண்ணெய் வேண்டாம். காய்ந்து பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் போதும்.

சிலவற்றில் நீலம், ஊதா, பொன் என்று நிறம் காட்டியிருப்பார்கள். அது சாயம் அல்ல. மின்சாரத்தைச் செலுத்தி அந்த ஒட்சைட்டுத் தோலையே சற்றுத் தடிப்பாக்கியிருக்கிறார்கள். சவர்க்காரக் குமிழியில் வானவில் தெரிகின்ற அதே வித்தை. தேய்த்தால் போய்விடும். கழுவுவதோடு நிறுத்துங்கள்.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். நமது கிணறுகள் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்தவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோரும் கண்டதுதான். கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால் அந்த வெள்ளைப் பொட்டுகள் மங்கிய உலோகத்தின் மேல் நன்றாகத் தெரியும். "பார்த்தீர்களா, உலோகம் பூக்கிறது" என்று ஒருவர் எனக்கே காட்டினார். பூத்தது உலோகம் அல்ல, கிணறு. கழுவியவுடன் துணியால் ஒற்றி உலர்த்தினால் வராது. வந்துவிட்டால் தேசிக்காய்ச் சாற்றை நீரிற் கலந்து துடைத்து, மறுபடி கழுவினால் போய்விடும். ஆனால் அந்தச் சாறு சங்கிலியிலும் இரும்பாணிகளிலும் தங்க விடக்கூடாது.

செய்யக்கூடாதவை என்று பார்த்தால், முதற் குற்றவாளி கம்பிப் பஞ்சு. அது இரும்பு. தேய்க்கும்போது இரும்பின் நுண்துகள்கள் மேற்பரப்பில் அப்பி நின்றுவிடும். ஒரு வாரத்தில் அவை செந்நிறமாகக் கறள்விடும். உடனே கடைக்காரர், "நான் அப்பவே சொன்னேனே, இதுவும் கறள் பிடிக்கிற சாமான்தான்" என்று வெற்றிக் களிப்போடு லக்கர் டப்பாவை எடுப்பார். தான் பூசிய கறளுக்குத் தானே மருந்து விற்கின்ற வைத்தியம் இது. இரண்டாவது, கறள் அகற்றும் சில திரவங்கள். அவற்றுள் புளோரைட்டு அமிலம் சேர்ந்தவை உண்டு. கடலுக்கு அஞ்சாத அந்தத் தோல் புளோரைட்டுக்கு மட்டும் கரைந்துபோகும். டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் ஊற்ற விடாதீர்கள். மூன்றாவது, அந்த லக்கரேதான். நம் வெயிலில் அது மஞ்சளாகும், பிறகு பாம்பு செட்டை கழற்றுவது போல உரியும். அதைச் சுரண்டி எடுக்கப் போய்த்தான் உண்மையான கீறல்கள் விழும்.

இவ்வளவு காசும் கவலையும் வெளித்தோலுக்கே போய்க்கொண்டிருக்க, கெடுகின்ற இடத்தை எவரும் பார்ப்பதில்லை. ஆசனத்தைத் தாங்கும் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அது தைற்றேனியக் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உண்டாகிறது. அதில் தின்னப்படுவது அலுமினியம். தின்னப்பட்ட அலுமினியம் வெள்ளைத் தூளாகி, முன்னிருந்ததைவிடக் கூடிய இடத்தைப் பிடித்து, தண்டைக் குழாயோடு இறுக்கிவிடும். இரண்டு மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் பிறகு முறுக்கியும் வராது, தட்டியும் வராது. தண்டை உள்ளேயே அறுத்தெடுக்க வேண்டிவரும். அந்த வேலையிற் சட்டகமும் வெட்டுப்படலாம். பெடல் அச்சுப் பொருந்தும் கூட்டிலும், போத்தல் தாங்கியின் சிறிய ஆணிகளிலும் இதே கதைதான். செய்யவேண்டியது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தண்டை வெளியே இழுத்து, துடைத்து, இறுகாமல் தடுக்கும் செம்புத்தூட் பசையோ, அது இல்லாவிட்டால் நல்ல கிறீஸோ தடவி மறுபடி இறக்குவது. பத்து நிமிட வேலை. இதற்கு எந்தக் கடையும் விளம்பரம் செய்வதில்லை. செய்தது வெளியே தெரியாதே!

இந்த உலோகத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காக ஒரு பக்கவழி போகிறேன். திருகோணமலைக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் புல்மோட்டை. அந்தக் கரையின் கரிய மணலில் இல்மனைற்றும் உரூற்றைலும் சிர்க்கோனும் குவிந்து கிடக்கின்றன. இல்மனைற் என்பது இரும்பும் தைற்றேனியமும் சேர்ந்த தாது. 1957இல் இதற்கென்றே அரச கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனமும் அரசினுடையதே. அன்றுதொட்டு நாம் பெரும்பாலும் செய்துவந்தது மணலைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுவதுதான். போரும் அந்த மணலை விட்டுவைக்கவில்லை: 1997 செப்ரெம்பரில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த சரக்குக் கப்பலொன்று புல்மோட்டைக் கடலில் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டது. மணலாகப் போனது வெள்ளை நிறமாகித் திரும்ப வருகிறது. நாம் அதை வாங்கிச் சுவருக்கு அடிக்கிறோம்.

தைற்றேனியத்தை உலோகமாக்குவது கடினம் என்பது மெய்யே. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் மணலில் வில்லியம் கிறெகர் என்ற பாதிரியார் இந்த மூலகத்தைக் கண்டுகொண்டார். குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, பிறகு மக்னீசியத்தால் உலோகத்தைப் பிரிக்கின்ற வழியை வில்லியம் குறோல் வகுத்ததோ 1930களின் பிற்பகுதியில்தான். மின்சாரத்தைக் குடிக்கின்ற வேலை அது. ஆனாலும் கேரளத்தின் சவறையில், நம்முடையதைப் போன்ற கடற்கரை மணலை வைத்துக்கொண்டே வெள்ளை நிறத்தூள் ஆலை நடத்தி, 2011இல் இந்திய விண்வெளி ஆய்வின் துணையோடு தைற்றேனியக் கடற்பஞ்சு ஆலையையும் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தொழிலுக்கு வேண்டிய குளோரினை, ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலம் செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. போரைச் சொல்லித் தப்பிக்கலாம். போர் முடிந்தது 2009இல். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

இனி இரும்புச் சைக்கிள்.

குடாநாட்டவருக்குச் சைக்கிளின் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க எவரும் வரவேண்டியதில்லை. நொட்டிங்ஹாமில் செய்த றலியும் ஹம்பரும் றட்ஜும் இங்கே மூன்று தலைமுறைக்கு ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை இறுகி, பெற்றோலும் மின்சாரமும் இல்லாமற் போனபோது, குடாநாடே சைக்கிளில்தான் நகர்ந்தது. நோயாளியும் பிரசவத்துக்குப் போனவளும் விறகும் பிரேதமும் சைக்கிளிற் போயின. சில்லைச் சுழற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். நிருபர்கள் செய்தி கொண்டுவந்ததும் அதில்தான். அந்தச் செய்தி பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகி, மறுபடி சைக்கிள் ஏறி விற்பனைக்குப் போயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், மழைக்குள் தள்ளிச் செல்லப்பட்ட சைக்கிள்களில் வீடுகளே கட்டித் தொங்கின. அந்தக் காலத்தில் பெயின்ற் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய்த் துணியால் மாலைதோறும் துடைத்தோம். அந்தச் சைக்கிள்கள் அழகாக இல்லை. எங்கே வெடிப்பு, எங்கே பற்றாசு என்று பத்து யாருக்கு அப்பால் நின்றே சொல்லக்கூடியதாக இருந்தது.

இரும்புக்குப் பூச்சு வேண்டும்; அதை நான் மறுக்கவில்லை. நல்ல அடிப்பூச்சும் அதன்மேல் நல்ல மேற்பூச்சும் போட்ட சட்டகம் நம் காற்றிலும் பல்லாண்டு நிற்கும். நான் எதிர்ப்பது, விற்பதற்காகப் பூசுகின்ற பூச்சை. 2022இல் எரிபொருள் தீர்ந்து, ஜூன் மாத முடிவில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, சைக்கிளின் விலை எவரும் எண்ணிப்பாராத உயரத்துக்குப் போனது. கொட்டில்களிலும் கோழிக்கூட்டு மேலும் கிடந்த சட்டகங்கள் எல்லாம் வெளியே வந்தன. கறளை மேலோட்டமாகச் சுரண்டி, பள்ளத்தைப் புட்டியால் நிரப்பி, ஒரு மாலைப் பொழுதில் சிவப்பும் நீலமும் விசிறி, ஸ்ரிக்கர் ஒட்டி, மறுநாள் விற்றார்கள். அன்று பழகிய கை இன்றும் நிற்கவில்லை.

அந்தப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. பழைய ஆங்கிலச் சட்டகங்களின் குழாய்கள் மூட்டுக்குள் செருகிப் பித்தளையாற் பற்றவைக்கப்பட்டவை. அதில் வெடிப்பு விழுந்தால், அனுபவமுள்ளவர் வாயுத் தீயில் பித்தளை கொண்டே ஒட்டுவார். இப்போது வாசற் கேற்றுக்கு ஒட்டுகின்ற மின்வில் கருவியையே அதன்மேலும் வைத்துவிடுகிறார்கள். மெல்லிய குழாய் ஒட்டுக்கு அருகில் கடினமாகி நொய்ந்துபோகிறது. அடுத்த முறிவு அங்கேதான். மூலப் பூச்சு இருந்திருந்தால் வெடிப்பு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும்: அந்த இடத்தில் பெயின்ற் மயிரிழையாகப் பிளந்து செந்நிறக் கோடொன்று கசியும். புட்டியும் புதுப் பூச்சும் அந்த வாயைப் பொத்திவிடுகின்றன. பூச்சில்லாத தைற்றேனியச் சட்டகத்தில் நான் மதிப்பது அதன் எடைக்குறைவை அல்ல. துணியால் ஒருமுறை துடைத்தால் எல்லா ஒட்டும் கண்முன்னே நிற்கிறது. எதையும் ஒளிக்க இடமில்லை. அதன் ஒட்டுகள் நிறத்தாலேயே பேசும்: வெள்ளியும் இளம் வைக்கோல் நிறமும் நல்ல ஒட்டு, நீலம் சந்தேகம், சாம்பல் நிறமாகவோ வெண்தூளாகவோ இருந்தால் ஒட்டும்போது காற்றுப் புகுந்து உலோகம் நொய்ந்துவிட்டது. ஆர்கன் வாயுவை உள்ளும் புறமும் பாய்ச்சி ஒட்டத் தெரியாதவரிடம் அதை ஒருபோதும் கொடுக்கலாகாது என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப் பூசி விற்ற சைக்கிளில் போவது யார்? காலை ஏழு மணிக்குப் புத்தகப் பையோடு போகின்ற பிள்ளை. மீன்பெட்டி கட்டிய வியாபாரி. பின்னே கதிரை வைத்துப் பேரனை ஏற்றிய கிழவர். முன் கவட்டுத் தண்டு முறிந்தால் ஓடுபவர் முகம் குப்புற வீதியில் விழுவார். பின்னால் பஸ் வரும். மோட்டார் சைக்கிளுக்குப் பதிவுப் புத்தகம் உண்டு, காப்புறுதி உண்டு. பழைய சைக்கிளுக்கு இருப்பது விற்பவரின் வாய்ச்சொல் மட்டும்.

இதை ஒரு கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் சொன்ன மறுமொழியை மறைப்பது நியாயம் ஆகாது. "ஐயா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா பெயின்ற் அடிக்காமல் வைச்சால் சனம் திரும்பியும் பாராது. மினுங்கினாத்தான் வாங்குதுகள்" என்றார். வாங்குகிறவர் ஏமாற விரும்புகிறார், ஆகவே ஏமாற்றுகிறேன் என்பதே இதன் பொருள். மருந்துக்கடைக்காரர் இப்படிச் சொன்னால் விடுவோமா? பெயின்ற் அடியுங்கள், ஆனால் மூட்டுகளை அடிக்குமுன் வாங்குபவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அல்லது மூட்டுகளுக்கு நிறமில்லாப் பூச்சு மட்டும் போட்டு விடுங்கள் என்றேன். "அது வடிவில்லை" என்றார். அவரோடு எனக்கு அதற்குமேற் பேச்சு இல்லை.

பிள்ளைக்குப் பழைய சைக்கிள் வாங்கப் போகின்ற பெற்றோருக்கு: ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். மூட்டுகளைச் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்பை இறுகப் பிடிக்கின்ற காந்தம் தடித்த புட்டியின் மேல் வழுக்கும். தலைக்குழாயின் கீழ்ப்புறம், பெடல் அச்சுக் கூட்டின் சுற்று, முன் கவட்டின் கழுத்து, ஆசனத் தண்டு இறங்கும் வாய் ஆகிய நான்கு இடங்களையும் வெயிலிற் சாய்த்துப் பாருங்கள். ஆசனத் தண்டை உங்கள் கண்முன்னே வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பூச்சோடு, ஆங்காங்கே உரிந்து, ஆனால் மூட்டுகள் வெளிப்படையாகத் தெரிகின்ற சைக்கிள் ஒன்று மூலையில் நின்றால் அதன் விலையைக் கேளுங்கள். அதுதான் குறைவாகவும் இருக்கும்.